கொடைக்கானலுக்கு எந்த ஹீட்டர்?

அழகர்கோவில் வெயிலில் வளர்ந்த நமக்குக் கொடைக்கானல் குளிர் தாங்காதுதான். அறைக்குள் வைக்கக் கரியடுப்பு நல்லதா, கேஸ் ஹீட்டர் நல்லதா என்று சுற்றுலா செல்லும் மாணவர்கள் கேட்கிறார்கள். புகைபோக்கி இல்லாவிடில் இரண்டுமே வேண்டாம் என்பேன். 2024-இல் அங்கே, இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இருவர் மறுநாள் எழவில்லை.

ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய 12 கனமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். மலைக்காற்று மெலிந்ததாதலால் இன்னும் கூடுதலாக. நீளம், அகலம், உயரம் பத்தடியுள்ள அறையில் மொத்தமே 28 கனமீட்டர்தான். ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. கனலும் கரியோ தொடக்கத்திலிருந்தே அதைத் தருகிறது. நிறமில்லை, மணமில்லை. (கேஸ் நாற்றம் காட்டிக்கொடுக்காதா என்பீர்கள். அந்த மணப்பொருள்தான் எரிந்துபோய்விடுகிறதே!) இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் அது பற்றிக்கொள்கிறது.

மின்சார ஹீட்டர் கிடைத்தால் சரி. இல்லையேல் இன்னொரு கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.