அடைவை யார் புதுப்பிப்பது?



மாரிகுப்பத்தில் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் மைசூர் மைன்ஸ் திரும்பும் நம் பிள்ளைகளில் சிலர் மென்பொருள் எழுதுகிறார்கள். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பல குடும்பங்களுக்கு அந்த இரயில்தான் பிழைப்பு. அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு பழக்கத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். எந்தச் செயற்கூறு எந்தக் கோப்பில் உள்ளது என்று காட்ட ஓர் அடைவு வேண்டும். 'சிடாக்ஸ்' என்ற இலவசக் கருவி அதைத் தயாரிக்கும். 'விம்' போன்ற எடிட்டர்கள் அதைப் பார்த்து உரிய இடத்திற்கே கொண்டுசேர்க்கும்.

உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி சேர்த்தார். அச்சேறிய பதிப்பு மாறாது. அடைவை ஒருமுறை செய்தால் போதும். மென்பொருளோ நாள்தோறும் மாறுவது. காலையில் ஒரு கோப்பில் இருந்த செயற்கூறு மாலையில் வேறு கோப்புக்குப் போயிருக்கும். பழைய அடைவு, அடைவே இல்லாததைவிட மோசம். வழி தெரியாதவன் நின்று விசாரிப்பான். தவறான வழி கேட்டவன் நடந்துகொண்டே இருப்பான். தோண்டிய தூரத்தை உடனுக்குடன் வரைபடத்தில் ஏற்றாவிட்டால் என்ன ஆபத்து என்பதைச் சுரங்கத்தில் உழைத்த பெரியவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் தினமும் புதுப்பிப்பது யார்? மனிதனை நம்பினால் மறதி வந்துவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்', நிரலில் செய்யும் திருத்தங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் ஏற்பாடு. அதில் 'ஹூக்' என்றொரு வசதி உண்டு. திருத்தத்தைப் பதிந்ததும், வேறு கிளைக்கு மாறியதும், பிறர் திருத்தத்தை இணைத்ததும் நாம் எழுதி வைத்த சிறு கட்டளைக் கோப்பு தானாகவே ஓடும். அதில் சிடாக்ஸை அழைத்தால் போதும். பின்னணியில் ஓடவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வேறு கணிப்பொறியில் நிரலை நகலெடுக்கும்போது ஹூக் கூடவே வராது; அதை மாதிரிக் கோப்பகத்தில் வைத்தால் புதிய நகல்களில் தானே அமையும். அடுத்து, அடைவை நிரலோடு சேர்த்துப் பதியக்கூடாது. அவரவர் கணிப்பொறியில் அவரவர் அடைவு இருக்கட்டும்.

"இன்றைய எடிட்டர்கள் தாமே தேடித் தருகின்றனவே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவற்றில் பல, நல்ல நினைவகமுள்ள கணிப்பொறியைக் கேட்கின்றன. சிடாக்ஸுக்குப் பழைய கணிப்பொறியே போதும். நம் வீடுகளில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

இயந்திரம் பிழையின்றிச் செய்யும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, மனிதன் சிந்திக்க வேண்டும். தெரிந்த இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தர முன்வருவார்களா?