சீதக்காதியைத் திருத்துவீர்களா?

நம் இல்லங்களில் ஒரு புதிய நோய் புகுந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பாட்டனாரின் பெயரைச் சூட்ட மனம் இருக்கிறது. அவர் எழுதியபடி அதை எழுத மனமில்லை. காதர் என்றால் பட்டிக்காடாம், காதிர் என்றால் நாகரிகமாம். பாத்துமா என்றால் படிக்காதவளாம், ஃபாத்திமா என்றால் படித்தவளாம்!

ஷெய்கு அப்துல் காதிர் என்னும் பெயரைத்தான் தமிழ் நாவு சீதக்காதி என்று ஆக்கிக்கொண்டது. அதனால் கீழக்கரை வள்ளலின் புகழ் குன்றியதா? சீறாப்புராணம் பாடிய பெருமகன் உமறுப் புலவர் என்ற பெயருடனேயே எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். முஹம்மது என்னும் பெயரைத் துருக்கியர் மெஹ்மத் என்று வைக்கின்றனர். செனகல் நாட்டார் மமாது என்று வைக்கின்றனர். அவர்களுடைய ஈமானை எவரும் ஐயுறவில்லை. தமிழ் நாவுக்கு மட்டும் ஏன் இந்தத் தாழ்வு?

“ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்குமே” என்பர் சிலர். மெய்தான். உமர் (ரலி) அவர்களின் மகளாருக்கு ஆஸியா என்று இருந்த பெயரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமீலா என்று மாற்றினார்கள். ஐனும் ஸாதும் கொண்டு எழுதப்படும் அச்சொல்லுக்கு ‘மாறு செய்பவள்’ என்பது பொருள். ஃபிர்அவ்னின் மனைவியாகிய ஆஸியா அம்மையாரின் பெயரோ அலிஃபும் ஸீனும் கொண்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே! ஆகவே தமிழெழுத்தை எத்தனை முறை மாற்றினாலும் பொருள் தெளிவாகாது. ஆலிம் ஒருவரிடம் பொருளைக் கேட்டறிந்து, அரபியில் ஒருமுறை எழுதி வாங்கி வைத்துக்கொள்வதே வழி.

இதனினும் கொடியது எண் சோதிடம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் செல்வம் கொழிக்குமாம். அகீகா கொடுத்த கையாலேயே சோதிடனுக்கும் காசு கொடுக்கிறார்கள் நம்மவர்கள்! நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று நம்பும் வீட்டில் இந்தக் கணக்குக்கு என்ன வேலை? கூட்டிய எழுத்தால் செல்வம் வருவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமும் பாஸ்போர்ட்டில் வேறு விதமுமாகப் பெயர் நிற்க, பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைவதுதான் மிச்சம்.

பெற்றோரே! நல்ல பொருளுள்ள பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றிலும் ஒரே விதமாக எழுதுங்கள். பாட்டனாரின் பெயரைச் சூட்டுவதாயின், அவர் கையெழுத்திட்டபடியே சூட்டுங்கள். அவர் தொழுததும் நோன்பு நோற்றதும் நமக்கு இந்தத் தீனை விட்டுச் சென்றதும் அந்தப் பெயரோடுதான்.