கல்லைக் கையில் கொடுங்கள்!

நமது பள்ளிக்கூடங்களில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்குக் கனிமங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதாகப் பெயர் செய்து வருகிறார்கள். சொல்லைத்தான் கொடுக்கிறார்களே ஒழிய, கல்லைக் கொடுக்கிறார்களா என்றால் பெரும்பாலும் அதுதான் இல்லை. கனிமம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறது. கடினத்தில் முதலாவது எது, பத்தாவது எது என்றால், டால்க் முதல் வைரம் வரை பத்துப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறது. "சரி, இது என்ன கல், பார்த்துச் சொல்" என்று தெருவில் கிடக்கும் ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்து நீட்டினால் விழிக்கிறது. புரோகிதர் அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை உருப்போட்டார். நாம் அர்த்தம் தெரியாமல் விஞ்ஞானத்தை உருப்போட வைக்கிறோம். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

அந்தப் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தியவர் பிரெடெரிக் மோஸ் என்கிற ஜெர்மானியர். 1812-ம் வருஷத்தில் அவர் அதைச் செய்தது ஒப்பிப்பதற்காக அல்ல, கீறுவதற்காக. எந்தக் கல் எதைக் கீறுகிறதோ, அது அதைவிடக் கடினமானது, அவ்வளவுதான் சங்கதி. நகத்தால் கீறினால் மாக்கல்லிலும் ஜிப்சத்திலும் கோடு விழும். கால்சைட்டில் நகம் ஏறாது, செப்புக்காசு ஏறும். புளூரைட்டும் அபடைட்டும் கத்தி முனைக்கு இடங்கொடுக்கும். நம்முடைய வெங்கச்சங்கல்லோ கத்திக்கு மசியாது. கண்ணாடித் துண்டின்மேல் இழுத்தால் கண்ணாடியைத்தான் கீறும். ஒரு நகம், ஒரு காசு, ஒரு கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு! இதற்கு எந்தச் சர்க்கார் மானியம் வரவேண்டும்? எந்த ஆய்வுக்கூடம் கட்டவேண்டும்?

உரைத்துப் பார்ப்பதும் அப்படியே. அது சீமையிலிருந்து வந்த வித்தையல்ல. நம் ஊர்த் தட்டார் எவராவது பளபளப்பைப் பார்த்துப் பொன்னுக்குப் பணம் கொடுப்பாரா? உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, கோட்டின் நிறத்தைப் பார்த்த பிறகுதானே வாய் திறப்பார்? பைரைட் என்கிற கல் பொன்னைப்போல மின்னும். பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிவிளிம்பில் உரைத்தால் கருத்த கோடு விட்டுத் தன் யோக்கியதையைக் காட்டிவிடும். இரும்புக் கல்லில் இரண்டு வகை, பார்வைக்கு இரண்டும் கருப்பாகவே இருக்கக்கூடும். ஒன்று சிவப்பாகக் கோடு விடும், அது ஹெமடைட். மற்றது கருப்பாகவே கோடு விட்டு, காந்தத்துக்கும் இழுபடும், அது மாக்னடைட். உடைந்துபோன ஒலிபெருக்கிக்குள் ஒரு காந்தம் கிடைக்காத ஊர் இன்றைக்கு உண்டா?

வெறும் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சேலமே சாட்சி. அந்த ஊருக்குப் பக்கத்தில் வெளுத்துக் கிடக்கும் குன்றுகளைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே இருப்பது சுண்ணாம்பல்ல, மாக்னசைட். எஃகு உலைகளுக்குச் சூடு தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து எலுமிச்சம்பழச் சாறு விட்டால் பொங்கி நுரைக்கும். மாக்னசைட்டோ அவ்வளவு லேசில் அசையாது. துரைகளின் பெயரைத் திருத்த ஒரு எலுமிச்சம்பழம் போதும்!

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளோடு பேச எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. மாக்னசைட்டின் உபயோகம் என்ன என்றேன். ஒரு பையன் எழுந்து புத்தகத்தில் இருக்கிறபடி பிசகாமல் சொன்னான். வரும் வழியில் பொறுக்கிய கல்லைக் காட்டி இது என்ன என்றேன். வகுப்பே மவுனம். கடைசி வரிசையில் ஒரு பெண், அவள் தகப்பனார் சுரங்கத்தில் கல் வெட்டினவராம், "வெள்ளைக்கல்லுங்க" என்றாள். உடனே உபாத்தியாயர், "கொச்சையாகப் பேசாதே, உட்கார்" என்று அதட்டினார். தோழர்களே! அந்த வகுப்பில் அந்தக் கல்லை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவளை உட்கார வைத்துவிட்டார்கள், அறியாதவனுக்குச் சபாஷ்! கல்லைத் தொட்டவனையும், மண்ணைத் தொட்டவனையும் கீழே தள்ளி, எதையும் தொடாமல் வாயால் ஓதினவனை மேலே வைத்த பழைய ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டுமா?

பாடம் முடியாது, பரீட்சைக்கு வராது என்று சில உபாத்தியாயர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். அவர்கள் தலையில் ஏற்றியிருக்கிற சுமை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் 1976-ம் வருஷத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமை என்று எழுதி வைத்தார்களே, அந்தக் கடமை எந்த மணிக்கு, எந்தப் பீரியடில் நடக்கிறது? பரீட்சைக்காரர்கள் கேள்வித்தாளோடு நாலு கல்லையும் அனுப்பட்டுமே, யார் வேண்டாமென்றது?

பிள்ளை கல்லைச் சோதிக்கப் பழகாததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். தொலைக்காட்சியைத் திறந்தால் ராசிக்கல் வியாபாரம். கைத்தறிக்காரனும், கடன்பட்ட குடியானவனும், பெண்ணுக்கு வரன் அமையாத தாயும் வட்டிக்கு வாங்கி மோதிரம் போடுகிறார்கள். மாணிக்கம் சூரியனுக்காம், நீலம் சனிக்காம். இரண்டுக்கும் ஜென்மப் பகையாம், ஒரே கையில் போட்டால் குடும்பம் நாசமாம்! உண்மை என்ன? மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். கொரண்டம் என்று பெயர். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, கடினத்தில் ஒன்பதாவது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். போதாக்குறைக்கு வெர்னூயி என்கிற பிரெஞ்சுக்காரர் மாணிக்கத்தை உலைத் தீயில் செய்து 1902-ம் வருஷத்திலேயே முறையை வெளியிட்டுவிட்டார். சந்திரனுக்குரிய முத்தும், செவ்வாய்க்குரிய பவளமும் என்னவென்றால், பெரும்பாகம் நம் வீட்டுச் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பின் தாய்ச்சரக்கேதான்! வைரமும் பென்சில் முனைக் கிராபைட்டும் இரண்டும் கரியே; 1797-ம் வருஷத்தில் டெனன்ட் என்கிற ஆங்கிலேயர் வைரத்தை எரித்துக் காட்டி நிரூபித்த விஷயம்.

இதையெல்லாம் பெரியவர்களுக்கு மேடைபோட்டுச் சொன்னால், கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று மோதிரத்தைக் கழற்றாமலே வீட்டுக்குப் போகிறார்கள். பன்னிரண்டு வயதில் தன் கையால் கீறி, உரைத்து, சாறு விட்டுப் பார்த்த பிள்ளையிடம் இந்த ஜம்பம் சாயாது. அந்தச் சேலத்துப் பெண்ணை எழுப்பி, அவள் கையில் கல்லையும் பீங்கானையும் கொடுத்து ஒரு வருஷம் பழக்கட்டும். பிறகு ராசிக்கல் வியாபாரி அவள் வீட்டு வாசலுக்கு வரட்டும். "அய்யா, குரோமியத்தை எடுத்துவிட்டு இரும்பும் டைட்டானியமும் போட்டால், கல்லைவிட்டுச் சூரியன் எந்த நிமிஷத்தில் இறங்குகிறார், சனி எந்த நிமிஷத்தில் ஏறுகிறார்?" என்று அவள் கேட்பாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாரா, பதில் சொல்லுவாரா?