பாடசாலை மணிக்கும் கந்தோர் மணிக்கும் இடையில்

இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இந்நாட்டில் இல்லை. கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்ததும், 1945இல் கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்ததும் மக்கள் பெற்ற பெருவெற்றிகள் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அக்கல்வி நாளொன்றில் எத்தனை மணிவரை பிள்ளையைத் தாங்குகிறது என்ற வினாவை எழுப்புவோர் அரியர். காலை 7.30 மணிக்குத் தொடங்கும் பாடசாலை பிற்பகல் 1.30 மணியளவிற் கலைகிறது. முதலிரு வகுப்புக் குழந்தைகள் நண்பகலுக்கு முன்னரே அனுப்பப்படுகின்றனர். அரசாங்கக் கந்தோர் மூடப்படுவதோ மாலை 4.15 மணிக்கு, தொழிற்சாலையும் கடையும் அதற்கும் பிந்தியே. இடைப்பட்ட மணித்தியாலங்களில் ஆறு வயதுக் குழந்தை எங்கே இருப்பது? யார் அதற்குச் சோறு போடுவது? வீதியைக் கடக்கும்போது யார் அதன் கையைப் பிடிப்பது?

அரசு இதற்கு விடை கூறுவதில்லை. சமூகம் கூறுகிறது: “தாய் எதற்காக இருக்கிறாள்?”

இந்த ஒற்றை வாக்கியத்திற்கு நாடு கொடுக்கும் விலையைப் பாருங்கள். எமது பல்கலைக்கழகங்களிற் பயில்வோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் வேலை செய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிலிலோ தொழில் தேடுவோர் வரிசையிலோ இருக்கின்றனர். ஆண்களில் இப்பங்கு மூன்றிலிரண்டையும் விஞ்சுகிறது. படித்த பெண்கள் எங்கே மறைந்தனர்? அவர்களுட் பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது பாடசாலையின் கடைசி மணியே. பொதுப்பணத்தில் ஒரு தலைமுறைப் பெண்களைக் கற்பித்து, அவர்களுடைய பிள்ளைகளுக்கு மூன்று மணித்தியாலப் பராமரிப்பு அளிக்க மறுத்து, அக்கல்வி முழுவதையும் அடுப்பங்கரையில் அடைத்துவைப்பது எத்தகைய பொருளாதாரம்?

மலையகத்துக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களிலே பிள்ளைக் காம்பரா உண்டு. பெண் தொழிலாளரின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கும் கடமையை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமே தோட்ட முதலாளிமீது சுமத்தியது. தோட்டமும் அதனால் நட்டப்படவில்லை. குழந்தையைப் பார்க்க ஆளிருந்தால்தான் தாய் மலையேறிக் கொழுந்து பறிப்பாள் என்பதைத் துரைமார் நன்கறிவர். பிள்ளைப் பராமரிப்பு உற்பத்தியின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஐந்து வயதோடு கணக்கு மூடப்பட்டுவிட்டது. அதற்கு மேற்பட்ட பிள்ளை ஒரு காலத்திலே தானும் தோட்ட வேலைக்குப் போனது. இன்று அது பாடசாலைக்குப் போகிறது. மதியத்தோடு பூட்டிய லயத்துக்குத் திரும்புகிறது. மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை தாய் வரமாட்டாள். அதுவரை தம்பியையும் தங்கையையும் பார்ப்பது யார்? பெரும்பாலும் பன்னிரண்டு வயது அக்காள். சிறியவர்களின் பராமரிப்புக்கு அவளுடைய படிப்பே செலவாகிறது.

“முன்னெல்லாம் பாட்டிமார் பார்க்கவில்லையா?” என்று எம்மவர் கேட்பர். பாட்டி எங்கே இருக்கிறாள்? யுத்தமும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் வடகிழக்கின் குடும்பங்களைச் சிதறடித்துவிட்டன. 2009இன் பின்னர் வன்னியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களிலே தனித்துக் குடும்பந் தாங்குவோர் உளர். அவர்களிடம் கூட்டுக் குடும்பத்தின் மகிமையைப் போதிப்பது கொடுமை. பாட்டி உயிரோடு இருக்குமிடத்திலும், வாழ்நாள் முழுவதும் உழைத்தவளின் முதுமையை மீண்டும் கூலியற்ற உழைப்பாக்க எமக்கு என்ன உரிமை உண்டு?

இவ்வெற்றிடத்தைச் சந்தை கண்டுகொண்டது. நகரங்களிலே தனியார் பகற் பராமரிப்பு நிலையங்கள் உள. அவற்றின் மாதக் கட்டணம் கூலிப் பெண்ணுக்கு எட்டாதது. ஏனையோருக்கு ரியூசன் கொட்டில்! ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் எட்டு வயதுப் பிள்ளை பின்னேர வெயிலில் வாங்கிலே நெருக்கியடித்து உட்காருகிறது. பரீட்சை மோகத்தை நாம் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆயின் பெற்றோர் பலர் அங்கே விலைகொடுத்து வாங்குவது பாடத்தை மட்டுமன்று. கூரையுள்ள ஓரிடத்தையும் பொறுப்பான ஒருவரின் பார்வையையும் அவர்கள் வாங்குகின்றனர். விளையாட வேண்டிய பொழுதிலே பிள்ளை கணக்குச் செய்கிறது, ஏனெனில் விளையாட்டுக்குக் காவல் வைப்பார் இல்லை.

இது தீராத பிணியா? சுவீடன் 1995இலேயே, தொழில் செய்யும் அல்லது கல்வி கற்கும் பெற்றோரின் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பராமரிப்பு வழங்குவதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. கிழக்கு ஜேர்மனியிலே பாடசாலையோடிணைந்த பிற்பகல் இல்லங்கள் பரவலாயிருந்தன. பிள்ளை மதியத்தோடு வீடு திரும்பும் வழக்கத்தை நெடுங்காலம் பேணியது மேற்கு ஜேர்மனி. ஒன்றிணைந்த ஜேர்மனியோ 2021இல் ஒரு சட்டமியற்றி, 2026இல் முதலாம் வகுப்பிற் சேருவோர் தொடக்கம் முழுநாட் பராமரிப்பைப் பிள்ளையின் உரிமையாக்க முடிவு செய்தது. செல்வ நாடுகளுக்கே இது இயலும் என்பாருக்கு ஒரு வார்த்தை: இலவசக் கல்வியை வென்றபோது நாம் செல்வ நாடாக இருந்தோமா?

பணம் எங்கே என்று கேட்பர். ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இந்நாட்டில் உள. பிற்பகலில் அவற்றின் ஆரம்ப வகுப்பறைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கட்டிடம் உண்டு, மைதானம் உண்டு, கிணறு உண்டு. பாடசாலை உணவுத் திட்டமும் ஏற்கனவே உண்டு. வேண்டியவை மதியச் சோறும், பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு ஒழுங்கான சம்பளமுமே. இதனால் ஊர்தோறும் எத்தனை இளைஞர் யுவதிகளுக்கு வேலை கிடைக்கும்! பெண்களின் உழைப்பால் இலாபமடையும் தொழிற்சாலையும் கம்பனியும் செலவிற் பங்கேற்கட்டும். தோட்ட முதலாளியிடம் அன்று கேட்க முடிந்ததை இன்றைய முதலாளியிடம் கேட்க ஏன் தயக்கம்?

ஆசிரிய நண்பர்கள் அஞ்சுவதும் எமக்குத் தெரியும். “இதையும் எம் தலையிலா கட்டுவது?” இல்லை. சம்பளமின்றி ஆசிரியர்மீது, அதிலும் ஆசிரியைகள்மீது, இச்சுமையை ஏற்றும் எந்தத் திட்டத்தையும் நாம் எதிர்ப்போம். தாயின் கூலியற்ற உழைப்பை ஆசிரியையின் கூலியற்ற உழைப்பாக மாற்றுவது தீர்வாகாது. ஆனால் கோரிக்கையை எழுப்பும் கடமை எமதே. மணியடித்தபின் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்பவர் நாமே.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றிலும் மாலை 5 மணிவரை திறந்திருக்கும் கட்டணமற்ற பிற்பகல் இல்லம் வேண்டும். அங்கே சோறும் ஓய்வும் விளையாட்டும் கதைநூல்களும் இருக்க வேண்டும். பரீட்சை வகுப்பு நுழையலாகாது. தோட்டப் பாடசாலைகளிலும் யுத்தத்தாற் சிதைந்த ஊர்களிலும் அது முதலில் தொடங்கவேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளப் போராட்டத்தோடு இதனையும் தம் பதாகையில் எழுதட்டும். தொழிற்சங்கங்கள், பெண்கள் அங்கத்தவராகவுள்ள சங்கங்கள் முதலாக, இதைக் கூட்டு ஒப்பந்தத்தின் வாசகமாக்கட்டும். 1945இல் பாடசாலைக் கதவைத் திறப்பித்த மக்கள், அது மதியத்தோடு சாத்தப்படுவதை இனியும் பார்த்திருக்கலாகாது.