அரை மணி நேரம் அம்மாவுக்கு!



"விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நாள் முழுவதும் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினால் முதுகு களைக்குமே தவிர நிமிராது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களுக்கோ அந்த நடையும் குறைந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை! 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, உடற்பயிற்சி வகுப்புகள் பல கைப்பேசிக்குள் வந்தன. வீட்டிலிருந்தே சேரலாம். அதற்குப் பணம் செலவழித்துச் சாமான் வாங்க வேண்டியதில்லை.

கைகளை இரு பக்கமும் நீட்டிச் சுற்றினால் எதிலும் இடிக்காத இடம் போதும். ஈரத் தரையைத் துடைத்துவிடுங்கள். கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். சன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் படம் இருட்டாகத் தெரியும். சேலையும் கைலியும் காலைத் தடுக்கும். மகனுடைய டீ-சட்டையும் தளர்வான காற்சட்டையும் நல்லது. தாலிக்கொடியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் சப்பாத்து அவசியம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். வகுப்பு நடத்துபவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு தொடங்க வேண்டாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். அதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். நெஞ்சு வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஏற்பாடு ஒன்று உண்டு. "இந்த அரை மணி நேரம் அம்மாவைக் கூப்பிடக்கூடாது" என்று வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேநீர் கொஞ்சம் தாமதமானால் குடி முழுகிப் போகாது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்றால் 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்கிறது.

குடும்பத்துக்காக ஓடிய கால்கள் அல்லவா? அவை இன்னும் பல காலம் ஓட வேண்டாமா, சகோதரிகளே?