மறுமுனையில் இருப்பது யார்?

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்ட நாட்களில் கொழும்பில் பலர் சைக்கிளுக்கு மாறினர். வரிசைகள் மறைந்த பின்னும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீதிகளிலும் தொழிலுக்காகச் சைக்கிளில் செல்வோர் இருக்கின்றனர். ஓடும் பஸ்ஸுக்கும் நிறுத்திய வாகனத்துக்கும் இடையில் கிடைக்கும் ஓரமே அவர்களது பாதை.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். கைத்தொலைபேசியை 3 செக்கன் பார்க்கும் சாரதி, 33 மீற்றர் தூரத்தை வீதியைப் பாராமலே கடக்கிறார். அதற்குள் ஒரு குழியைத் தவிர்க்கச் சைக்கிள்காரர் சற்று விலகினால் என்னவாகும்?

தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசியபடி வாகனம் ஓட்டுவது எமது நாட்டில் குற்றம். பொலிஸார் தண்டிக்கட்டும். ஆனால், சாரதியை அழைப்பவர் யார்? பல வேளைகளில் வீட்டிலுள்ள நாமே. "வாப்பா, எங்க வாறீங்க? வரும்போது பாண் வாங்கிட்டு வாங்க." இதற்காக ஓர் உயிர் போகலாமா?

தோழிகளே, வாகனம் ஓட்டும் நேரமென்று தெரிந்தால் அழைக்காதிருப்போம். பெற்றோரே, அழைப்பு அவசரமாகத் தோன்றினால் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பாண் சற்றுத் தாமதமாக வரட்டும். அந்தச் சைக்கிள்காரரையும் ஒரு வீடு எதிர்பார்த்திருக்கிறது.