புயலுக்குச் சாதி கிடையாதாம்

எங்கள் ஊர் வேதாரண்யத்தைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்கள். 'ஊரும் புயலும்' என்று அதில் ஒரு பகுதி. மலர்க்குழுவில் இருக்கிற நண்பர் நான் வேலை பார்க்கும் வங்கிக்கே வந்து கவுண்டரில் கேட்டார்: "புயலுக்குச் சாதி மதம் கிடையாதுங்கிற மாதிரி ஒரு கவிதை குடுங்க சார். கஜா அப்ப எழுதுனீங்களே, அது மாதிரி."

எழுதினேன்தான். 2018ல் நிவாரணப் பொருள் கொடுத்த ஒரு மேடையில் ஏறி வாசிக்கவும் செய்தேன். கைதட்டினார்கள். தட்டியவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இல்லை. அவர்கள் பாய்க்கும் பக்கெட்டுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கவிதையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்பதை மலரில் போடமாட்டார்கள், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கரையின் புயல்களைப் பெரிசுகள் விரல்விட்டு எண்ணுவார்கள். 1952 நவம்பர் 30ல் நாகைப் பக்கம் ஏறியது ஒன்று. 1955 டிசம்பரில் பழைய தஞ்சை ஜில்லாவைப் புரட்டிப் போட்டது இன்னொன்று. 1977 நவம்பர் 12 விடியற்காலை நாகைக்குத் தெற்கே 10 கிலோ மீட்டரில் கரை ஏறிய புயலுக்கு அரசாங்கக் கணக்கே இருக்கிறது: சாவு 560, வீடிழந்தோர் 10 லட்சம், செத்த கால்நடை 23,000. மாட்டுக்குக்கூடத் தனிக்கணக்கு. அந்த 10 லட்சத்தில் சேரி எவ்வளவு என்று கேட்டால் ஏடு வாய் திறக்காது. மச்சு வீடு காற்றில் பறப்பதில்லை தோழர்களே, பறப்பது கூரை. எங்களூரில் மணல்மேட்டில் ஊர், தண்ணீர் வடிகிற பள்ளத்தில் சேரி. அந்தப் பள்ளத்தில் எங்களைக் குடிவைத்தது எந்த இயற்கை?

77ஐ என் அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. கூரை போனதும் கைப்பிள்ளையோடு பண்ணை வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். திண்ணையில் ஏற விடவில்லை. "மாட்ட அவுத்து உள்ற நடையில கட்டுனாங்க. மாடு நின்ன கொட்டாயில எங்கள நிக்கச் சொன்னாங்க." கோபமே இல்லாமல்தான் சொல்லும். எனக்குத்தான் சோறு இறங்காது. அது சொல்லி முடிக்கிற விதம் இன்னும் மோசம்: "அவங்களும் நல்லவங்கதான், வெரட்டலயே."

புயலுக்குச் சாதி கிடையாது என்பவர்களுக்கு முன்னால், சாதிக்காகத்தான் பேரிடரே வருகிறது என்று சொன்னவரும் உண்டு. 1934 ஜனவரி 15ல் பீகாரில் பூகம்பம். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி பேசினார்: இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று. அறிவியலுக்கு ஒவ்வாத பேச்சு என்று தாகூர் கண்டித்தார். கண்டித்தது சரி. ஆனால் நம் கேள்வி வேறு. பாவம் செய்தவன் மெத்தையில் இருக்க, பாவத்தைச் சுமந்தவன் கூரை ஏன் முதலில் போகிறது? கடவுளுக்கும் குறி தவறுமா? காந்தி சாதியை ஒழிக்கப் பூகம்பத்தைத் துணைக்கு அழைத்தார். நம்ம ஊர்க்காரர்கள் சாதியை மறைக்கப் புயலைத் துணைக்கு அழைக்கிறார்கள். இதில் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

1968 டிசம்பர் 25 ராத்திரி இதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். மலரின் பேரிடர்ப் பட்டியலில் அது வராது. அது இயற்கை இல்லையாம். சரி. அதற்கு 36 வருஷமும் ஒரு நாளும் கழித்து, 2004 டிசம்பர் 26ல் கடல் வந்தது. ஒன்றாயிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் மீனவ மக்கள். அந்தத் துக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார்களே, அது இயற்கையா? முகாம்களிலிருந்து தலித்துகள் விரட்டப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும் 2005லேயே மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் அச்சாகிவிட்டன. படகு போனவனுக்குக் கணக்கு இருந்தது. கரையில் கூலி வேலை பார்த்த சேரிக்காரனுக்கு என்ன போனது என்று எழுத ஏடு இல்லை.

ஏடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பிழைப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்கள் தலைமேலேயே ஏறியது. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். முழுசாகப் போன குடிசைக்கு 10,000. பட்டா, அடங்கல் வைத்திருந்தவர்கள் கணக்கில் பணம் ஏறியது. பாஸ்புக்கில் பதிந்து கொடுத்தது நான்.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி, முப்பது வருஷமாகக் கீற்று முடைந்தவள். குடிசைப் பணம் வந்த அன்றைக்கு பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து மரம் என் வூட்ட விட ஒசத்தியா தம்பி?"

சிரித்து மழுப்பினேன்.

"மரம் அவங்களுது, சரி. மட்டைய முடைஞ்ச கை என்னுதுதான? அதுக்கு ஒண்ணும் ஏறலையா?"

"அதுக்குப் பாரத்துல எடம் இல்ல பெரியம்மா" என்றேன். பின்னால் நின்றவர் செலானை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். புதுத் தென்னங்கன்று காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அவள் அத்தனை வருஷம் காத்திருக்கவில்லை, திருப்பூருக்குப் போன மகளோடு போய்விட்டாள். மரமேறியவர்கள், தேங்காய் உரித்தவர்கள், கடல்சேறு வந்து மூடிய உப்பளங்களில் உப்பு வாரியவர்கள், யாருடைய கூலி நாளையும் எந்தப் பாரமும் கேட்கவில்லை. 1930ல் இங்கே உப்பு அள்ளியதற்கு அகஸ்தியம்பள்ளியில் ஸ்தூபி நிற்கிறது, மலரின் அட்டைப்படமும் அதுதானாம். தினமும் அள்ளுகிறவன் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான்.

புயலுக்குச் சாதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு அவ்வளவு விவரம் போதாது. வாயில் யாருக்குத் திறந்தது, பள்ளம் யாருக்கு ஒதுக்கப்பட்டது, பாரத்தை அச்சடித்தவன் எதைச் 'சொத்து' என்று நினைத்தான், இதெல்லாம் காற்று வருவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயங்கள். இதை மறைக்கத்தான் காற்றை சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நானும் ஒரு தடவை ஏற்றினேன்.

நண்பருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். கவிதை கிடையாது. அந்தப் பக்கத்தில் 1977 நவம்பர் 12 ராத்திரி ஊரில் எந்தெந்தத் திண்ணை யார் யாருக்குத் திறந்திருந்தது என்று எழுதட்டும். எழுத ஆள் இல்லையென்றால் சேரிக்கு வரட்டும். அப்பாயி இல்லை. அந்தக் கொட்டாயில் கூட நின்றவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கும்.